அடுத்த வெள்ளி வாங்க

தையற்காரன் சொன்ன நாளில் சட்டையைக் கொடுத்தால் உலகம் அழிந்துவிடும் என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்கு வசதியாக இருந்தது. நான் செய்த பிழை அத்தனை கிழமையும் ஒருவர் கண்ணிலும் படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

யுத்தம் இரண்டாம் தரம் மூண்டபோது மனைவியையும் பிள்ளைகளையும் கொழும்புக்கு, அவளுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். நான் போகவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கதவுகூட மிஞ்சியிராது. இரண்டு தையல் மெஷின்களுக்குக் காவலாக நான் மிஞ்சினேன்.

கடை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், துறையடிக்குப் பக்கத்தில் இருந்தது. வாவிக்கு அங்கால படுவான்கரைச் சனங்கள் எல்லாத் தேவைக்கும் பாதையேறித்தான் இக்கரைக்கு வர வேண்டும். ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றி வரும் அகன்ற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அது கரை தட்டும் இடத்தில் ஆட்களை மறித்துச் சோதிக்கும் இராணுவத்தின் சென்றி இருந்தது. ஒரு நாள் அங்கிருந்து ஒரு சிப்பாய் வந்து, கடைக்குள் ஆட்களைக் கூட்டி வைத்திருக்கக் கூடாது என்றான். வருகிறவர்கள் உட்காரும் வாங்கைத் தூக்கிப் பின்பக்கம் போட்டேன். அதன்பிறகு வருகிறவர்கள் நின்றபடியே அளவு கொடுத்தார்கள், நின்றபடியே போனார்கள். யாரை நம்பி எதைக் கதைப்பது என்று எல்லாருக்கும் பயம்.

சொந்தத் தொழில் செய்கிறவனுக்கு முதலாளி என்று பெயர். நான் பேச ஆளில்லாத முதலாளி. மெஷினை ஜன்னலடிக்கு இழுத்துப் போடுவேன். வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று மறுநாளே பழைய இடத்துக்குத் தள்ளுவேன். துணி வைக்காமல் சும்மா மிதிப்பேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நிற்பேன். உள்ளே வந்தால் அது ஆறியிருக்கும். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்படியிருந்த ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை படுவான்கரையிலிருந்து ஒரு வயற்காரர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வைகாசியில் அம்மன் சடங்குக்கு உடுக்க இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சட்டை தைக்க வேண்டுமென்று பூப்போட்ட துணியும் பழைய அளவுச் சட்டைகளும் கொண்டுவந்திருந்தார். கதைக்கத் தொடங்கினார் என்றால் மனிதர் ஓயமாட்டார். மாடு மேய்க்க வயல்வட்டைக்குப் போனது, பக்கத்து வரம்புக்காரனோடு தண்ணீருக்குச் சண்டை போட்டது, மனைவி கோபித்துக்கொண்டு மூன்று நாள் உப்பில்லாமல் சமைத்தது என்று ஒரு மணித்தியாலம் நின்றபடியே கதைத்தார். நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

சட்டைகளை இரண்டே நாளில் தைத்து முடித்தேன். பொத்தான் துளை எடுத்துத் தெறி வைத்து, அயன் பிடித்து, மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அடுத்த வெள்ளி அவர் வந்து வாசலில் நின்றபோது, சட்டையைக் கொடுத்தால் இவர் இனி வரமாட்டாரே என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

"தெறி இன்னும் வைக்கல்ல அண்ணன். அடுத்த வெள்ளி வாங்க" என்றேன்.

"அதுக்கென்ன தம்பி, சடங்குக்கு நாள் கிடக்குத்தானே" என்று சொல்லிவிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

அதற்கடுத்த வெள்ளி நூல் முடிந்துவிட்டது என்றேன். அதற்கும் அடுத்த வெள்ளி மெஷினில் கோளாறு என்றேன். பொய் ஒன்றும் தடக்கவில்லை. வியாழக்கிழமையே கடையை இரண்டு தரம் கூட்டிவிடுவேன். ஒரு நாள் அவரே சொன்னார்: "சென்றியில மறிச்சு, உன்ர டெயிலர் என்னத்தத் தைக்கான் இவ்வளவு நாளா எண்டு கேக்கானுகள் தம்பி." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த நிமிடமே அலுமாரியைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளி அவர் வரவில்லை. பாதை வந்து வந்து போனது. இறங்கிய ஒவ்வொருவரையும் வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் காலை அவருடைய மனைவி மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணன், தைச்ச மட்டும் போதும், சட்டையத் தாங்க, சென்றியில கொண்டுபோய்க் காட்டணும். மிச்சத்த நான் கையால தைக்கன். நேத்து அவரப் புடிச்சு வெச்சிட்டானுகள். கிழமைக்குக் கிழமை டெயிலரிட்டப் போறன் எண்டு வந்து வெறுங்கையோட கிறுகிப் போறவன் ஆருக்குத் தகவல் கொண்டு போறான் எண்டு கேக்கானுகளாம்."

அலுமாரியைத் திறந்து சட்டைகளை எடுத்து நீட்டினேன். அவர் விரித்துப் பார்த்தார். ஒரு நூல்கூடக் குறையில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் தூசி கோடாகப் படிந்திருந்தது. அதை விரலால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது எப்ப முடிஞ்சது?"

"வாங்க, நானும் வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

இளவயதில் புறக்கோட்டையில் தொழில் பழகியதால் எனக்குக் கொஞ்சம் சிங்களம் வரும். சென்றியில் இருந்த அதிகாரிக்கு முன்னால் நின்று, சட்டைகள் முதல் கிழமையே முடிந்துவிட்டன, முடியவில்லை என்று நான்தான் பொய் சொல்லி இந்தப் பெண்ணின் புருஷனைத் திரும்பத் திரும்ப வரவழைத்தேன் என்றேன்.

ஏன் என்று கேட்டார்.

"கதைக்க ஆளில்லை மாத்தயா."

என் சிங்களம் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் அந்தப் பெண்ணிடம், "கதைக்க ஆள் இல்லையாம்" என்றான். அதிகாரி சிரிக்கவில்லை. சின்னச் சட்டையைத் தூக்கி, கரையடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கொப்பியில் என் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

மத்தியானத்துக்குப் பிறகு வயற்காரரை விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. ஒரு காலை ஊன்றாமல் நடந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்ப் பாதையில் குந்திக்கொண்டார். மனைவி சட்டைகளை நெஞ்சோடு பிடித்தபடி என்னிடம் திரும்பி வந்தார். ஏசப் போகிறார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கதைக்க ஆளில்லை எண்டா நீங்க அங்கால வந்திருக்கலாமே அண்ணன்?"

"எனக்குப் பயம்" என்றேன். அதுதான் உண்மை. அத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட அந்தச் சென்றியைத் தாண்டி நான் போனதில்லை.

"அவருக்கும் பயம்தான். வெள்ளிக்கிழமையெண்டா காலையில சோறுந் தின்னமாட்டார். டெயிலர் தனியக் கிடக்கான், பாவம், போய்க் கதைச்சிட்டு வாறன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிடுவார். நீங்க முதல் கிழமையே சட்டையக் குடுத்திருந்தாலும் வந்திருப்பார்."