பக்கவாட்டில் திரும்பிய கோவிந்தன்

போன வாரம் தவளக்குப்பத்தில் ஒரு ஸ்டூடியோக்காரரோடு சண்டை. "லேசா சைடுல திரும்புங்க சார்" என்றார். முடியாது என்றேன். "இன்னா சார், ஒரு போட்டோவுக்கு இவ்ளோ அடமா?" என்று முறைத்தார்.

அடம்தான்... காரணத்தைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஜெயிலில் சினிமா எடுக்கக் கற்றுக்கொடுத்தேன். கையடக்கமான கேமரா ஒன்று. பிலிம் சுருளோ சொற்பம். கைதிகள் ஒருவரையொருவர் படம் பிடிக்க வேண்டும் – அதுதான் முதல் பாடம்.

அபிஷேகப்பாக்கத்துக் கோவிந்தன் கேமராவை அருமையாகப் பிடிப்பார். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் அடித்துவிட்டு உள்ளே வந்த விவசாயி. ஆனால் அவரைப் படமெடுக்கப் போனால், போச்சு! கேமரா ஓடும் சத்தம் கேட்டதும் விறைப்பாக நிற்பார். பிறகு, யாரும் சொல்லாமலே இடப்பக்கம் திரும்புவார். அப்புறம் வலப்பக்கம். போலீஸ் ஸ்டேஷனில் அப்படி நிற்க வைத்துத்தானே போட்டோ எடுத்தார்கள்? மற்றவர்களும் முதலில் அப்படித்தான் நின்றார்கள். போகப் போகச் சரியாகிவிட்டது. இவருக்கு மட்டும் விடவில்லை.

"சும்மா நடங்க கோவிந்தன்" என்பேன்.

"நடக்கத்தான் சார் பாக்கறேன். உடம்பு கேக்க மாட்டேங்குது."

அவருக்கு ஒரே ஆசை. ஆறு வயது மகள் செல்விக்கு அப்பாவைக் கம்பி வலைக்குப் பின்னால்தான் தெரியும். "எம் பொண்ணு கையப் புடிச்சிக்கினு நிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். அதுல நான் கைதி மாதிரி தெரியக் கூடாது."

கெஞ்சிக் கேட்டதில் ஜெயில் அதிகாரி மனமிறங்கினார். செல்வியை வலைக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். இருந்ததோ கடைசிச் சுருள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமராவை ஓடவிட்டேன்.

கோவிந்தன் விறைத்தார். இடப்பக்கம் திரும்பினார்.

செல்வி அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். படம் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும்போல என்று நினைத்திருப்பாள். அவளும் விறைப்பாக நின்றாள்... இடப்பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, வேணாம் பாப்பா!" கோவிந்தன் அலறியே விட்டார். மண்டி போட்டு, அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "நீ அப்பிடி நிக்காதடி. அப்பாவப் பாரு... அப்பாவ மட்டும் பாரு."

அழுதார். அவள் தன் பாவாடை நுனியால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். கேமரா ஓடுவதை இருவருமே மறந்துபோனார்கள். சுருள் தீரும்வரை நான் நிறுத்தவில்லை.

ஸ்டூடியோ தம்பி, இப்போது சொல்லுங்கள் – நான் எப்படித் திரும்புவேன்?