கடல் சட்டம் வேண்டாதவர்

அடிக்குறிப்புகளை முதலில் வாசிப்பார் வக்கீல் ஆல்டன் ரூக்கர், தீர்ப்பு அதற்கப்புறம்தான். "மேல எழுதுறது ஊருக்காக. நீதிபதி மனசுல இருக்கிறது கீழ பொடி எழுத்துல இருக்கும்" என்பார், வான்கோழி சாண்ட்விச் துணுக்குகளைப் பக்கங்களில் உதிர்த்தபடி. வாஷிங்டனில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் என்றால் அவர் பெயரும் கூடவே வரும். அவர் ஏகபோகத்தைத் தடுப்பாரா காப்பாரா என்பது மட்டும் கட்சிக்காரரைப் பொறுத்தது.

இந்தத் தடவை கட்சிக்காரர், மருத்துவமனைக் கட்டில் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. எதிராளியான பெரிய கம்பெனியோ, தன் மெத்தை வேண்டுமென்றால் தன் கட்டிலையும் வாங்கியே தீர வேண்டும் என்று மருத்துவமனைகளை நெருக்குகிறது. சின்னக் கம்பெனி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. மறுநாள் விசாரணை. ரூக்கருக்குக் கைகொடுக்கக்கூடியது பழைய ஒஹாயோ தீர்ப்பு ஒன்றுதான்.

அலுவலக நூலகர் டெல்ஃபீன் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "தீர்ப்புகளை ஆன்லைன்ல விக்கிற கம்பெனிகிட்ட இருக்கு ஆல்டன். ஆனா அதை மட்டும் தனியாத் தர மாட்டாங்களாம். வரிச் சட்டம், கடல் சட்டம் எல்லாத்தையும் சேர்த்துச் சந்தா கட்டணும். ஆபீஸ் அனுமதி கிடைக்க அடுத்த வாரம் ஆயிடும்."

"கட்டில் கேசுக்கு எதுக்கும்மா கடல் சட்டம்? பகல்கொள்ளையால்ல இருக்கு. வேற கம்பெனியில பாரு."

"வேற கம்பெனி ஏது? இருந்த ரெண்டும் ஒண்ணாயிடுச்சே. சேர்ந்தா போட்டி இன்னும் செழிக்கும்னு கோர்ட்ல வாதாடி ஜெயிச்சதே நீங்கதானே?"

"நல்ல வாதம் அது" என்றார் ரூக்கர், மனதார. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்துச் சட்டக் கல்லூரி நூலகத்துக்கு மழையில் நடந்தார்.

அங்கே அந்தத் தீர்ப்பு அச்சான புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தவர் மார்ஜரி ஹோல்ட். எதிராளியான மெத்தைக் கம்பெனியின் வக்கீல்.

"நீயுமா?" என்றார் ரூக்கர்.

"என் தலையிலயும் கடல் சட்டத்தைக் கட்டப் பார்த்தாங்க, வேணாம்னுட்டேன். அந்தக் கொள்ளைக்காரங்களை யாராவது கோர்ட்டுக்கு இழுக்கணும் ஆல்டன். நிக்காதீங்க, உக்காருங்க. சேர்ந்தே படிப்போம்."

"உன்னை மாதிரி எதிராளி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று நெகிழ்ந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் ரூக்கர். தோளோடு தோள் இடிக்க இருவரும் குனிந்தார்கள்.

மார்ஜரி மூக்குக் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினார். ரூக்கரின் சுட்டுவிரல் புத்தகத்தின் ஓரத்தைத் தொட்டு, சத்தமில்லாமல் ஓர் அங்குலம் தம் பக்கம் நகர்த்தியது.