அப்பாவின் நெஞ்சில் இருந்தது கப்பல் தூசி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கு வணக்கம். எட்டாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதி ஏதாவது வம்பு வருமோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா பிறந்தது முத்தியால்பேட்டையில். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தங்கைகளைக் கரையேற்றக் கப்பல் வேலைக்குப் போனார்கள். உலகச் சண்டை முடிந்த கையோடு கட்டிய பயணிகள் கப்பல் அது. அப்பா ஏறும்போது சுற்றுலாக் கப்பலாக மாறியிருந்தது. அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. பிறகு கப்பல் முதலாளிகள் அதையே ஆடு ஏற்றும் கப்பலாக்கினார்கள். பழைய பேரின்மேல் புதுப்பேரை எழுதிவிட்டால் போதும் அவர்களுக்கு.

ஆட்டுக்கு இடம் வேண்டும் என்று அறைச் சுவர்களைப் பிய்க்கச் சொன்னது அப்பாவையும் கூட இருந்தவர்களையும்தான். உள்ளே முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் நார். இன்ஜினீயர் மட்டும் மூக்கை மூடிக்கொண்டு தூர நின்றாராம். இவர்களுக்கு முகமூடி கிடையாது, துண்டைக் கட்டிக்கொண்டார்கள். குழாயில் சுற்றியிருந்த துணியும் அதே நாரில் நெய்தது; அது தீப்பிடிக்காது என்று அதில் ஒரு கிழிசலை அப்பா ஆசையாக வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். அம்மாவும் நானும் அதைப் பிடித்துத்தான் சோற்றுப் பானை இறக்கினோம். இப்போது நான் லேசாக இருமினாலும் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியில் ஒரே கேள்விதான்.

"பெரியவரே, ஒரு நாளைக்கு எத்தனை பீடி?"

"தொட்டதே இல்ல சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க."

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்க ஒரு டாக்டர் வருவதற்குள் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார்கள். அந்த நார்தான் நுரையீரலைக் கெடுத்தது என்று அவர் சொன்னார். அதன் பிறகும், காரியத்தன்று சித்தப்பா ஒருவர் காபியைக் குடித்துக்கொண்டே, "கப்பல்காரராச்சே, ஊதாம இருந்திருப்பாரா" என்று சிரித்தார். சித்தப்பா, நீங்களும் இதைப் படியுங்கள். அப்பா ஊதவில்லை. ஊதாத மனிதரை இழுத்து இழுத்து மூச்சு விட வைத்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கப்பலையும் உடைத்துவிட்டார்களாம். யாரைப் போய்க் கேட்பது?

எந்நேரமும் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற ஓடிவந்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், பாடை தூக்கிய தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவோடு அதே சுவரைப் பிய்த்த அரியாங்குப்பத்து மாமாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரியத்தன்று எங்கள் வாசற்படி ஏறவே முடியாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். "வயசாச்சு இல்லம்மா" என்றீர்கள். வருஷப் படையல் முடிந்த மறுநாள் காலை ஆட்டோவோடு வருகிறேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி இருங்கள் மாமா. டாக்டர் பீடி என்று வாய் திறப்பதற்கு முன்னால் கப்பலைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.