வெள்ளிக்கிழமை சாய்ந்த மரம்

மரம் விழுந்தது செவ்வாய்க்கிழமை என்கிறார் செல்லம்மா. படம் வெள்ளிக்கிழமை என்கிறது. நீங்கள் யாரை நம்புவீர்கள்?

நான் படத்தைத்தான் நம்பினேன்.

செல்லம்மா எங்கள் மலையில் குண்டனி நாடு என்கிற பகுதியில் மிளகு விவசாயம் செய்கிறவர். காற்றில் சில்வர் ஓக் மரங்கள் சாய, அவற்றில் ஏறியிருந்த கொடிகளும் போயின. நிவாரணம் கேட்டு மனு கொடுத்திருந்தார். ஆதாரம் ஒரே ஒரு படம். போன திங்கட்கிழமை ஆபீஸுக்குத் துணைக்கு வரச் சொன்னார். "நீங்கதானுங்கண்ணா எல்லாத்துக்கும் தேதி எழுதி வெக்கறவரு."

உண்மைதான். மலையில் நடப்பதையெல்லாம் தேதியோடு நோட்டில் எழுதுவேன். படமும் குறிப்பும் சேர்த்து வைக்கிற ஆப்பை அவர் போனில் போட்டுக் கொடுத்ததும் நான்தான். என்னுடையது ஐபோன், அவருடையது ஆண்ட்ராய்டு — இரண்டிலும் ஒரே ஆப்.

ஆபீஸர் மலைக்குக் கீழே, சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர். மரியாதையாகத்தான் கேட்டார். காற்று அடித்தது செவ்வாய். போனில் உள்ள ஃபைலில் வெள்ளிக்கிழமை தேதி. விற்பதற்கு மரத்தை வெட்டிவிட்டுக் காற்றைச் சொல்லவில்லை என்று எப்படி நம்புவது?

செல்லம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். என் ஊர் வாசலூர்பட்டியில் அன்று காற்று அடித்தது எனக்கே தெரியும். இவர் தோட்டத்தில் அடித்ததா? படம் எடுக்க ஏன் மூன்று நாள்? எனக்கும் அதே சந்தேகம்...

"செவ்வாக்கெழமையே எடுத்துட்டனுங்க. வெள்ளிக்கெழமை மனுவுல ஏத்தோணும்னு சேவ் மட்டுந்தான் அமுத்துனேன்."

சேவ் அழுத்தினால் தேதி மாறுமா? மாறவே மாறாது என்று நிரூபிக்க என் போனை நீட்டினேன். அகப்பட்டது பள்ளிக்கூடச் சுதந்திர தினக் கொடியேற்றப் படம். ஃபைல் விவரத்தை ஆபீஸர் வாய்விட்டுப் படித்தார் — ஆகஸ்ட் பதினேழு, ஞாயிறு.

"ஏனுங்கண்ணா, நம்ம மலைக்கு மட்டும் சுதந்திரம் ரெண்டு நாள் லேட்டாத்தான் வந்துச்சுங்களா?" என்றார் செல்லம்மா.

விஷயம் இதுதான். எடுக்கிற படம் முதலில் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. சேவ் அழுத்தும்போதுதான் புது ஃபைலாகப் போனில் இறங்குகிறது. அன்றைய தேதியோடு! செல்லம்மாவின் போனில் ஆப்பையே திறந்தோம். சாய்ந்த மரத்துக்குக் கீழே செவ்வாய், மாலை நான்கு மணி. ஆபீஸர் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் செல்லம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பிரித்தேன். வாரம் முழுக்க எடுத்த படங்களை ஞாயிறுதோறும் மொத்தமாகச் சேவ் செய்கிறவன் நான். ஃபைல் தேதியைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதுவேன். மூன்று வருடமாக! போன வருடம் பத்திரிகையின் இதே பத்தியில் பெருமையாக ஒன்று கண்டுபிடித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? ரோட்டில் மண் சரிந்தாலும், ஊருக்குள் காட்டெருமை வந்தாலும், நம் மலையில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கிறது என்று...

ஞாயிற்றுக்கிழமை நடந்தது ஒன்றே ஒன்றுதான் — நான் சேவ் அழுத்தியது.