நின்றுபோகும் போன்

குளச்சல் மொபைல் கடையில், போனுக்கு வேகமான பிராசசர் முக்கியமா, நல்ல சாப்ட்வேர் முக்கியமா என்று நானும் கடைக்காரரும் வாதாடிக்கொண்டிருந்தோம். மீன் விற்கும் அம்மா ஒருவர், காலி மீன் சருவப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கியபடி பக்கத்தில் நின்றார். நெற்றியில் ஒரு மீன் செதிள் ஒட்டி மின்னியது. சார்ஜ் ஏறாத தன் பழைய போனைச் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, கையைச் சேலையில் துடைப்பதும் நீட்டுவதுமாக இருந்தார்.

கடைக்காரர் சரிசெய்து ஆன் பண்ணியதும் மெசேஜ் வந்த மணி விடாமல் அடித்தது. பிறகு போன் அப்படியே உறைந்துபோனது.

"பாத்தியளாம்மா? இதுல வேகம் கெடையாது. புதுசு ஒண்ணு எடுங்க."

"நின்னு போச்சா மக்கா?" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்போ எம் மவனுக்க மீன்புடி போட்டு கரைப்பக்கம் வந்தாச்சு. கடல்ல எடுத்த வீடியோ எல்லாத்தையும் டவர் ரேஞ்ச் கிட்டினதும் ஒண்ணா அனுப்புவான். அப்பதான் இது நிக்கும். நிக்காத போனு எனக்கு எதுக்கு?"

உறைந்த போனை மடியில் செருகிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

நான் வேகமான போனையே வாங்கினேன். அது இன்றுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. நிற்கும் அளவுக்கு எனக்கு யாரும் எதுவும் அனுப்பியதுமில்லை.