சாரைச் சாகவிடச் சொன்ன முத்துலெட்சுமி

அந்தச் செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பதினோராம் வகுப்புக்கு உப்புச் சோதனை நடத்திக்கொண்டிருந்தேன். வல்லத்திராக்கோட்டை அழகர் பள்ளி நேரத்தில் என்னைக் கூப்பிடவே மாட்டார். போன் மூன்று முறை விடாமல் அடித்ததால் வெளியே வந்து எடுத்தேன். "டீச்சர், முத்தக்கா செத்துப்போச்சு டீச்சர். காலையில ஏலத்துல நிக்கயிலயே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துச்சாம். அறந்தாங்கி கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "இன்னைக்கு ஆறு மணிக்கு ஆட்டம் இருக்கே" என்றேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அழகர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமா டீச்சர். எனக்கும் மொதல்ல அதான் தோணுச்சு" என்றார்.

நம் விளையாட்டுக் கோட்டையில் இப்போது முப்பது பேருக்கு மேல் இருக்கிறோம். உங்களில் பலருக்கு முத்துலெட்சுமியின் குரல் தெரியும், முகம் தெரியாது. கட்டுமாவடிக்காரி. கரைக்கு வரும் மீனை ஏலம் விடுவது அவள் வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். "அவர்" என்று மரியாதை போட்டு எழுதினால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

விளையாடாத சிலரும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆடுவது இணையத்தில் ஆடும் மாயாஜாலச் சண்டை விளையாட்டு. வாள், வில், மந்திரம், கோட்டை எல்லாம் உண்டு. அதில் ராட்சதனைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. கணினி ஓட்டுகிற ராட்சதன் என்றைக்கும் ஒரே மாதிரிதான் அடிப்பான். அரங்குச் சண்டை அப்படியல்ல. அங்கே எதிரில் நிற்பது எங்கோ ஓர் ஊரில் நம்மைப் போலவே கணினிமுன் உட்கார்ந்திருக்கும் மனிதர். நாலு பேருக்கு நாலு பேர். அவர்களுக்கும் மூளை இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஏமாற்றத் தெரியும். என் ரத்தம் சூடாவது அங்கேதான். நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

எங்கள் நால்வரில் முன்னால் கேடயம் பிடித்து நிற்பவர் எங்கள் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. சிங்கப்பூரில் இருக்கும் மகன், அப்பாவோடு சேர்ந்து ஆடலாமென்று கணினி வாங்கி அனுப்பினான். மூன்றே மாதத்தில் மகனுக்கு அலுத்துப்போனது, அப்பாவுக்கு அலுக்கவில்லை. பின்வாங்கி நின்று வில் எய்பவர் அழகர், ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர். நெருப்பு மந்திரமும் சண்டையை நடத்துகிற குரலும் முத்து. அடிபட்டவர்களுக்கு உயிரேற்றுகிற வைத்தியச்சி நான். ஆவூரில் என் வீட்டுச் சமையலறை மேசைதான் எனக்குப் போர்க்களம்.

முதன்முதலாக அவள் குரலைக் கேட்டதை எப்படி மறப்பேன்? அரங்குக்கு வெளியே பல ஊர்க்காரர்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தில், யாரோ அவளைப் பின்னாலிருந்து வெட்டிவிட, "ஆத்தாடி! எந்தக் களவாணிப் பயடா அது?" என்றொரு சத்தம் வந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். "எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "கட்டுமாவடி. நீங்க?" என்றாள். "ஆவூர்" என்றேன். "அடி சக்கை! நம்ம மாவட்டமா! அப்பறம் என்ன, வாங்க, அந்தப் பயலத் தேடுவோம்" என்றாள். அன்று மாலை முழுவதும் அவனைத் தேடினோம். கண்டும் பிடித்தோம். அவன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வெட்டிப்போட்டுவிட்டுப் போனான்.

நால்வர் அணியாகச் சேர்ந்தபிறகு தொடக்கத்தில் ஜெயித்தோம். பிறகு தரவரிசையில் ஏற ஏற அடி விழுந்தது. தொடர்ந்து நான்கு தோல்வி. அந்தப் போட்டிப் பருவம் முடிய ஓர் ஆட்டம்தான் பாக்கி. அதிலும் தோற்றால் இரண்டு வருடம் பாடுபட்டுக் கட்டிய நம் கோட்டை கைவிட்டுப் போய்விடும். நான்காவது தோல்விக்குப் பிறகு, நான் எழுந்து போய்விட்டதாக நினைத்து அழகர் சொன்னார்: "அக்கா, டீச்சர மாத்திப் பாப்பமா?"

நான் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"டீச்சர எடுத்தா நானும் எந்திரிச்சுருவேன் பாத்துக்க" என்றாள் முத்து. "அவுகளுக்குக் கையில கோளாறு இல்ல. கண்ணுலதான் இருக்கு. என்னன்னு பாக்குறேன்." அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. "இங்கதான் இருக்கேன், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று கத்திவிட்டுக் கணினியைப் படாரென்று மூடினேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். ஆனால் அன்று வந்தது வெறும் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் பாடம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான்தான் டீச்சர். வீட்டில் குழம்பு எப்படி இருந்தாலும் நான்தான் வைக்க வேண்டும். எனக்குப் பதில் இன்னொருவரை யோசிக்கக்கூடிய ஒரே இடம் அந்த அணி. அதனால்தான் அந்த இடம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

ஒவ்வோர் ஆட்டத்தையும் முத்து பதிவு செய்து வைப்பாள். மறுநாள் ஏலத்துக்குப் போவதற்குமுன் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு குரல்செய்தி அனுப்புவாள். அதில் பாராட்டே இருக்காது. "ஜெயிச்சதுதான் தெரியும்ல, எங்க செத்தோம்னு பேசுவோம்" என்பது அவள் வழக்கம். காலையிலேயே திட்டு வாங்கிவிட்டு வகுப்புக்குப் போனால் நாளே கெட்டுவிடும் என்று நான் அவற்றைச் சாயங்காலம்தான் கேட்பேன். அந்த நான்கு தோல்விகளையும் அவள் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு அனுப்பிய செய்தி இப்படித் தொடங்கியது: "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க வைத்தியம் பண்ணல, மரியாதை பண்றீங்க."

விஷயம் இதுதான். சார் முழு இரும்புக் கவசம் போட்டவர், எங்களில் எல்லோரையும்விட அதிகமாக அடி தாங்குபவர். ஆனாலும் அவருக்கு ஒரு கீறல் விழுந்தால் போதும், என் பெரிய வைத்தியம் அவருக்குத்தான் போகும். அதை ஒருமுறை போட்டால் மறுபடி போட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் அழகர் பொத்தென்று விழுவார், அடுத்து முத்து. கடைசியில் சார் மட்டும் முழு உயிரோடு நடு அரங்கில் தனியாக நின்று நாலு பேரிடம் உதை வாங்குவார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் நான். கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர் இலைக்கு முதலில் பரிமாறுவதுபோல அரங்கிலும் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் சொல்லித்தராமலே கை போயிருக்கிறது. சாரும், "எனக்கு எதுக்கும்மா?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்கும் அது பழகியதுதானே!

அதற்கு முத்து ஒரு சட்டம் போட்டாள். "அரங்குக்குள்ள சாரும் கெடையாது, டீச்சரும் கெடையாது, அக்காவும் கெடையாது. கேடயம், வில்லு, தீ, மருந்து. அம்புட்டுத்தான். வெளிய வந்ததும் எல்லா மரியாதையும் வட்டியோட குடுத்துக்கிடலாம்." சார், "சரிம்மா. கேடயம்னு சொன்னா எனக்கும் முதுகு நேராகுது" என்றார். அப்படிக் கூப்பிட எனக்குத்தான் ஒரு வாரம் வாய் வரவில்லை.

இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு மந்திரத்தையும் நான் சுட்டியால் படம் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். "கண்ணு சண்டையில இருக்கணும் டீச்சர், கட்டத்துல இருக்கக்கூடாது" என்று எல்லாவற்றையும் விசைப்பலகை எழுத்துகளில் இடது கை விரல்களுக்கு மாற்றச் சொன்னாள். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்தும்போதும் இடது கை மேசையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். "என்ன டீச்சர், பாட்டுக் கிளாஸ் போறீங்களா?" என்று கணக்கு வாத்தியார் கேட்டார். ஆமாமென்று சொல்லிவைத்தேன். எதிராளி எங்கே பாயப்போகிறான் என்று கண்டுபிடிக்கவும் அவள்தான் வழி சொன்னாள். "ஏலத்துல கேக்கப்போற ஆளு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி கால மாத்தி நிப்பான். இங்கயும் வாளப் பாக்காதீங்க, காலப் பாருங்க." பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தது!

அந்தக் கோட்டை ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. எதிரே வந்தவர்கள் எங்களை இரண்டு முறை தோற்கடித்தவர்கள். ஆரம்பித்த உடனே மூன்று பேர் சார்மேல் பாய்ந்தார்கள். எங்கள் பழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வைத்தியம் முழுக்க அவருக்கே போகும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார்கள். சாரின் உயிர் பாதி ஆனது, கால்வாசி ஆனது. என் விரல் தானாகப் போய் அவருக்கான எழுத்து விசையின்மேல் உட்கார்ந்தது. "மருந்து! கேடயத்த விடு! வில்லப் பாரு!" என்று கத்தினாள் முத்து. நான்காவது ஆள், வெறும் நிழலாகத் தெரிந்தவன், அழகருக்குப் பின்னால் கால் மாற்றி நின்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ சார், மன்னிச்சிருங்க என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலை எடுத்து அழகருக்குப் போட்டேன். அதே நொடியில் அவர்மேல் கத்தி இறங்கியது. அழகர் நின்றார்! திரும்பி அவனை ஒரே அம்பில் சாய்த்தார்.

சார் விழுந்தார். அவரை அடித்து முடித்த மூன்று பேரும் அவர் உடலைச் சுற்றி ஒரே குவியலாக நின்றார்கள். முத்துவுக்கு வேறென்ன வேண்டும்? நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரே நொடியில் அடிப்பதற்கு ஏலக் கணக்குத்தான் எங்களுக்கு அடையாளம். "ஒரு தரம்!" என்றாள். நான் விரலைத் தயாராக வைத்தேன். "ரெண்டு தரம்!" அழகர் நாணை இழுத்தார். "மூணு தரம்!" நெருப்பு மழை, அம்பு, என்னிடமிருந்த ஒரே ஒரு சின்ன இடி எல்லாம் ஒன்றாக இறங்கின. குவியலில் ஒருவரும் மிச்சமில்லை. கோட்டை நமதே! நான் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியதில் வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டதென்று கம்போடு ஓடி வந்தார். செத்துக் கிடந்த சாரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "நல்லா சாக விட்டம்மா! நல்லா சாக விட்ட!"

அதற்குப் பிறகு அழகர் என்னை மாற்றுவதுபற்றிப் பேசியதில்லை. முத்துவும் பாராட்டவில்லை. மறுநாள் வந்த செய்தியில் நான் தாமதித்த ஒன்றரை நொடியைப் பற்றித்தான் பேசியிருந்தாள்.

போன வாரம், அந்தச் செய்தி வந்த அன்றே, நாங்கள் மூன்று பேரும் அழகர் ஓட்டிய காரில் கட்டுமாவடிக்குப் போனோம். கூட்டத்தில் எங்களை யாருக்கும் தெரியாது. ஓரமாக நின்றோம். முத்துவின் வீட்டுக்காரர் தானாக எங்களை நோக்கி வந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கேடயம்" என்றார். அழகரைப் பார்த்து, "வில்லு" என்றார். பிறகு என்னிடம் வந்தார். "நீங்கதான மருந்து? ஒங்களப் பத்திப் பேசாத நாளு இல்லங்க." எனக்கு அழுகை அடங்கவில்லை. இப்போது எழுதும்போதும் அடங்கவில்லை.

எல்லாம் முடிந்து சாயங்காலம் திரும்பும்போதுதான் போனைப் பார்த்தேன். அன்று விடியற்காலை, ஏலத்துக்குப் போகும்முன் முத்து அனுப்பிய செய்தி ஒன்று கேட்கப்படாமல் கிடந்தது. முந்தின நாள் நாங்கள் ஜெயித்த ஆட்டத்தைப் பற்றியது. "போடுங்க டீச்சர்" என்றார் சார். போட்டேன்.

"டீச்சர், நேத்து மூணாவது நிமிசத்தப் பாருங்க. நான் விழுந்துட்டேன். விழுந்தது விழுந்தாச்சு. அப்பறம் என்னத்துக்கு எம் பொணத்துக்கிட்ட வந்து நிக்கிறீங்க? ஏழு செகண்டு நிக்கிறீங்க, எண்ணிட்டேன். அங்கிட்டு அழகரு ஒத்தையா அடி வாங்குறான். சாரு கெடந்து கத்துறாரு. செத்தவள என்னத்தப் பாத்துக்கிட்டு? நிக்கிறவுகளப் பாருங்க டீச்சர். சரி, சாயந்தரம் வாங்க, பேசுவோம்."

அழகர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். சார், "ஏழு செகண்டா?" என்றார். எங்கிருந்து வந்ததோ, மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தோம்.

சிரித்து முடித்தபோதுதான் பார்த்தேன். அழகர் ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்துக் கிடந்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சார் மத்தியானம் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை சட்டைப்பையிலேயே இருந்தது. "அழகரு, அறந்தாங்கியில நிறுத்துப்பா. மொதல்ல நீ சாப்புடணும்" என்றேன். சார் பக்கம் திரும்பி, "நீங்க அப்பறம் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

பழைய செய்திகளையெல்லாம் கேட்டதும் அழித்துவிட்டதால், முத்துலெட்சுமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான். அதை அழிக்கப்போவதில்லை. அறந்தாங்கியில் மூன்று பேரும் சாப்பிட்டோம். எதிரே இருந்த இரண்டு இலைகளையும் விட்டு என் கண் கடைசிவரை நகரவில்லை.