அம்மாவின் படங்கில் நான் அடித்த பூ

யாரும் எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். போர்வைக்குள் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்ட, அம்மாவுக்கு அப்பா புது நீலப் பிளாஸ்டிக் படங்கு வாங்கி வந்திருந்தார். வீடியோ பார்த்துப் பழகும் ஸ்கிரீன் பிரிண்டிங், பிளாஸ்டிக்கில் பிடிக்குமா என்று எனக்கு ஒரே ஆவல். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக வெள்ளை மையைத் தேய்த்து, அதில் ஒரு பூ அடித்துவிட்டேன்.

"பரீட்ச முடியுற வரைக்கும் மையத் தொட்டே, அந்தச் சட்டத்த அடுப்புல வச்சிருவேன்" என்று அப்பா முன்பே சொல்லியிருக்கிறார்.

இன்று காலை நான் எழுவதற்குள் அம்மா அதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்ததும் அப்பாவிடம், "பூப்போட்டதா பாத்து வாங்கியிருக்கீங்களே! கொழுந்து நிறுக்கிற எடத்துல மூணு பேரு எங்க வாங்குனதுன்னு கேட்டாங்க" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனாலும் எட்டிப் பார்த்தேன். நாள் முழுக்க மழையில் நனைந்தும் பூ உரியவில்லை!

அப்பா பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹட்டன் டவுன்லதான். ஒனக்குன்னு தேடி எடுத்தேன்."

"அப்ப அவங்களுக்கும் மூணு எடுத்துட்டு வாங்க."

"சரி சரி" என்றவர், இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று பூவுக்கு மை இருக்கிறது. அப்பா என்னைக் காப்பாற்றினாரா, அந்தப் பாராட்டை விட்டுக்கொடுக்க மனமில்லையா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.